மோர் வேண்டாம் என்ற கம்ப்யூட்டர்

ஜூன் 3, திங்கள்

இன்று காலை கடையில் முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் அப்பா காலத்தையும் சேர்த்தால் பத்தொன்பது வருஷம் இங்கே வேலை பார்க்கிறேன். ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. வழுக்கையில் தொடங்கி வயிற்றுக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"பால்வண்ணம், அப்பிடியே அசையாம நில்லும் வே," என்றார். "நம்ம பாக்ஸ்டன் கெடச்சாச்சு!"

விஷயம் இதுதான். வண்ணார்பேட்டையில் எங்கள் செல்வின் சிஸ்டம்ஸ் விற்பது லூமினா கம்ப்யூட்டர் மட்டும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பீர்முகமது பாய் விற்பது பாக்ஸ்டன். லூமினா அழகு, விலை அதிகம். பாக்ஸ்டன் கறுப்பு, கனம், விலை பாதி. எங்கள் கம்பெனியிலிருந்து போன வாரம் கடிதம் வந்தது. ஆகஸ்ட் 31க்குள் நாற்பது லூமினா விற்கவில்லை என்றால் டீலர்ஷிப் கிடையாது. டீலர்ஷிப் இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் ஐம்பத்தொரு வயது மேனேஜரை எவன் வேலைக்கு வைப்பான்? மகள் சங்கரி இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள்.

முதலாளியின் யோசனை, லோக்கல் கேபிளில் பாக்ஸ்டனைக் கிண்டல் பண்ணி விளம்பரம். லூமினாவாக அவர் மனைவியின் அண்ணன் மகன் ஜெபின் நடிப்பான். பாக்ஸ்டனாக நான்.

நான் ஒப்புக்கொண்டது வேலைக்குப் பயந்து அல்ல. பள்ளியில் நாடகத்தில் நடித்தவன் நான். இதையும் பதிவு செய்தாயிற்று.

ஜூன் 6, வியாழன்

படப்பிடிப்பு. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிறவர்தான் காமிரா. எனக்குக் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு சட்டை, இரண்டு சைஸ் சின்னது. வயிறு தெரிய வேண்டுமாம். என் வயிறு தெரிவதற்குச் சட்டையின் உதவி தேவையில்லை என்று சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

ஆபீஸராக முதலாளியே நடித்தார். அவர் எங்கள் இருவரிடமும் ஒரு போட்டோ கேட்பார். ஜெபின் விரலைச் சொடுக்கி எடுத்துக் கொடுத்துவிடுவான். நான் சணல் கட்டிய ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வைரஸ் வந்த மாதிரித் தும்மி, "நிச்சயமாத்தானா? நிச்சயமாத்தானா?" என்று நாலு தரம் கேட்டு, பாதியில் கண்ணை மூடிச் சிலையாக நின்றுவிட வேண்டும். ஆபீஸர் என் காதைத் திருகுவார். உடனே நான் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். கடைசியில் ஜெபின், "பெருசு, நீ போய்ப் படு," என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான்.

ஒன்பது டேக். ஒன்பது தரமும் காதைத் திருகினார். நடிப்பென்றாலும் திருகல் நிஜம்.

கடைசி டேக்கில் என்ன தோன்றியதோ, வெளியே போகிற பையனைப் பார்த்து, "வெயில்ல போறீங்களே தம்பி, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க," என்று எனக்காக வைத்திருந்த டம்ளரை நீட்டிவிட்டேன். அவன் திடுக்கிட்டு, "டைம் இல்ல பெருசு," என்று கையைத் தட்டிவிட்டான். பாதி மோர் என் சட்டையில். காமிராக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளியும் சிரித்து, "இத வெட்டாதயும். இதுதான் வே காமெடி," என்றார்.

ஜூன் 10, திங்கள்

ராத்திரிச் செய்திக்கு முன்னால் முதல் ஒளிபரப்பு. நான், மனைவி உலகு, சங்கரி மூவரும் பார்த்தோம். நாற்பது வினாடி.

உலகு ரிமோட்டை வைத்துவிட்டு, "காதத் திருகுதாரே, அது ஒங்க மொதலாளிதான?" என்றாள்.

"அது ஆபீஸர் பாத்திரம், ட்டி."

"கை அவருக்கதுதான? காது ஒங்களுக்கதுதான?"

இவளுக்குக் கலை புரியாது. அடுக்களையில் பாத்திரம் விழுகிற சத்தம் பத்து நிமிஷம் கேட்டது.

ஜூன் 11, செவ்வாய்

சங்கரி காலேஜுக்குப் போகவில்லை. தலைவலியாம்.

ஜூன் 16, ஞாயிறு

உலகுவின் சித்தப்பா பேத்தி கல்யாணம். மண்டபத்தில் நுழைந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் நாலு பேர் வரிசையாக நின்று தும்மினார்கள். ஒருத்தன் என்னை மாதிரி நடந்து காட்டினான். நன்றாகவே நடந்தான், குறை சொல்ல மாட்டேன். பந்தியில் சோறு வைக்க வந்தவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நிச்சயமாத்தானா?" என்று கேட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாம்பாரோடு எழுந்துவிட்டேன். பசி இல்லை, அவ்வளவுதான். உலகு வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் அவியல் பிரமாதம் என்று கேள்வி.

ஜூன் 21, வெள்ளி

விளம்பரம் வேலை செய்கிறது! கடையில் கூட்டம். மே மாதம் முழுக்க ஈ ஓட்டிய கடையில் இன்று மட்டும் பதினான்கு பேர். முதலாளி தரையில் கால் படாமல் நடக்கிறார்.

வந்தவர்களில் ஒரு குடும்பம், அப்பா அம்மா பையன், என் முன்னால் வந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, ஒங்கள மாதிரி கம்ப்யூட்டர் ஒண்ணு குடுங்க," என்றார்கள்.

"என்னை மாதிரின்னா?"

"டீவில வாரீங்கள்லா. அந்தக் கறுப்பு."

"அது எதிர்க் கடைல உள்ளது. எங்ககிட்ட உள்ளது அந்தப் பையன்."

அந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள். "அவனா? வேண்டாம்யா. வயசானவங்க மோர் குடுத்தா தட்டிவிடுதான். அப்பிடி ஒண்ண வீட்டுல கொண்டு வச்சா புள்ளையா உருப்படும்?"

விளக்கிச் சொன்னேன், அது விளம்பரம், கம்ப்யூட்டர் மோர் குடிக்காது என்று. தலையாட்டிக் கேட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார்கள். பதினான்கு பேரில் லூமினா வாங்கியது இரண்டு.

ஜூன் 28, வெள்ளி

முடிவெட்டப் போன இடத்தில் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் கடைக்காரர். டவுன் பஸ்ஸில் எனக்கு ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்து, "அந்தச் சின்னப்பய கெடக்கான், நீங்க ஒக்காருங்க," என்றார். நேற்று ஜெபின் டீக்கடைக்குப் போனானாம். டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டி, "டைம் இருக்கா தம்பி?" என்று கேட்டாராம். கடையே சிரித்ததில் பையன் டீ குடிக்காமலே திரும்பி வந்துவிட்டான். பாவம், அவன் என்ன பண்ணுவான்? எழுதிக் கொடுத்ததைச் சொன்னான்.

சங்கரி காலேஜிலிருந்து வந்து, "அப்பா, எங்க எச்.ஓ.டி. ஒங்கள விசாரிச்சாங்க," என்றாள். ரொம்ப நாள் கழித்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கத்திரிக்காய் கொத்சு.

ஜூலை 5, வெள்ளி

எதிராளியைக் கேலி செய்தால் மக்கள் மனசு மாறுமா மாறாதா? அடிப்படையான கேள்வி. இதை யாரும் விசாரித்த மாதிரித் தெரியவில்லை. எனவே நானே தொடங்கிவிட்டேன். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், வெளியே என்னை நிறுத்திப் பேசுகிறவர்களிடமும் கேட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்து வருகிறேன்.

ஏற்கெனவே லூமினா வைத்திருக்கிறவர்கள் விளம்பரத்தைப் பார்த்துத் துள்ளித் துள்ளிச் சிரிக்கிறார்கள். கம்ப்யூட்டரைப் புகழ்ந்ததாக அவர்கள் நினைக்கவில்லை, தங்களைப் புகழ்ந்ததாக நினைக்கிறார்கள். ஆனால் அவர்கள் இன்னொன்று வாங்கப் போவதில்லை. பாக்ஸ்டன் வைத்திருக்கிறவர்களோ, வீட்டில் அதைத் தினமும் நாலு திட்டுத் திட்டுகிறவர்கள்கூட, வெளியாள் திட்டியதும் வரிந்து கட்டிக்கொண்டு வருகிறார்கள். மின்வாரியத்தில் வேலை பார்க்கிற ஒருவர் இத்தனை நாள் லூமினாவுக்கு மாறலாம் என்றிருந்தாராம், விளம்பரத்தைப் பார்த்த பிறகு செத்தாலும் மாற மாட்டாராம். இரண்டும் இல்லாதவர்கள் விளம்பரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிச் சிரித்துவிட்டு, அக்கா மகன் என்ஜினீயரிங் படிக்கிறான், அவன் சொன்னதைத்தான் வாங்குவோம் என்கிறார்கள்.

அக்கா மகன்களுக்குத் தனியாக ஒரு விளம்பரம் எடுக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். முறைத்தார்.

இதுவரை விற்றது பதினொன்று.

ஜூலை 12, வெள்ளி

ஒரு நடிகன் தன் பாத்திரத்தைப் படிக்க வேண்டும். அந்த ஒரே காரணத்துக்காகப் பீர்முகமது பாயிடம் ஒரு பழைய பாக்ஸ்டனை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். முதலாளியிடம் சொல்லவில்லை, உலகுவிடம் சொன்னேன். "நல்லா இருக்கு கத!" என்றாள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்தேன். விளம்பரத்தில் சொன்னது அநியாயம். மெதுவாகத்தான் திறக்கிறது, ஆனால் திறக்கிறது. ஒரு காரியத்தை அழிப்பதற்கு முன் நாலு தரம் கேட்கிறது என்றால் அது நம் நன்மைக்குத்தானே? சங்கரி அதில் அடித்து வைத்த கல்லூரிப் பாடம் தவறுதலாக அழியப் போனது. கேட்டதால்தான் தப்பித்தது. லூமினா ஒரு வார்த்தை கேட்டிருக்காது. நாங்கள் மெதுவானவர்கள்தான், ஆனால் பொறுப்பானவர்கள்.

ஜூலை 20, சனி

கேபிள் ஆபீஸிலிருந்து பையன் வந்து ரசீது கொடுத்தான். விளம்பரம் ஆகஸ்ட் கடைசி வரை ஓட யாரோ பணம் கட்டிவிட்டார்களாம். நாங்கள் ஜூலை வரைதான் கட்டியிருந்தோம். முதலாளியும் கட்டவில்லை. கம்பெனித் தலைமை அலுவலகம் நம் உழைப்பைக் கவனித்திருக்கிறது என்று நான் சொன்னேன். முதலாளிக்கும் சந்தோஷம்.

சாயங்காலம் பீர்முகமது பாய் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் கடையில் நிற்க இடமில்லை. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஒங்க மொதலாளிகிட்ட சொல்லுங்க, எது வந்தாலும் அந்த விளம்பரத்த நிறுத்திரக் கூடாது. நமக்குள்ள என்ன போட்டி? பாக்கப் பாக்க அலுக்கலை," என்றார். ரசீதில் ராத்திரிச் செய்திக்கு முன்னால்தானே போட்டிருக்கிறது, காலையிலும் போடச் சொல்லலாமே என்றும் கேட்டார். ரசீது விஷயம் இவர் காதுவரை எப்படிப் போனதோ? சின்ன ஊர்.

நல்ல மனுஷர். தன் சரக்கையே கேலி செய்தாலும் கலையை ரசிக்கத் தெரிகிறது.

ஆகஸ்ட் 3, சனி

இருபத்திரண்டு. முதலாளி கணக்குப் பார்த்துவிட்டு ஸ்டேப்ளரைத் தூக்கி எறிந்தார். சுவரில் பட்டது. ஜெபின் சென்னைக்கே போய்விட்டான். அங்கே யாரும் அவனிடம் மோர் நீட்ட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். பென்ஷன் விவரம் பார்க்கவும் துபாயில் உள்ள மகனோடு பேசவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். லூமினாவைக் காட்டினேன். விலையைக் கேட்டவர் பையில் கையை விட்டு, எதையோ எண்ணிப் பார்த்து, "மகளுக்கு வச்சிருந்தது இருக்கு, எடுத்துக்கிடலாம்," என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவர் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. வண்ணார்பேட்டையில் வயசானவர் ரோட்டைக் கடப்பதென்றால் சும்மாவா? கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன கடை இருக்கிறது என்பது என் பொறுப்பில்லை.

ஒரு வாரத்தில் இது மூன்றாவது. போக்குவரத்து மிக மோசம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஒரு ஸ்கேன் சென்டரில் எட்டு லூமினா எடுத்தார்கள். அந்த டாக்டரிடம் விளம்பரத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் வீட்டில் டீவியே கிடையாதாம். மொத்தம் முப்பத்தேழு. உலகு உலகம்மன் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாள். எனக்கும் தூக்கம் வரவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்று இன்றைக்குத்தான் இருவரும் வாய் விட்டுப் பேசினோம். பேசி ஒரு முடிவுக்கும் வரவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் கடை திறக்கும்போது கணக்கு முப்பத்தொன்பது. பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து கம்பெனியின் ஏரியா மேனேஜர் அனுபமா மேடம் வந்து இறங்கினார். முதலாளியின் அறையில் உட்கார்ந்து கணக்கைப் புரட்டினார். கதவைச் சாத்தவில்லை.

"மிஸ்டர் செல்வின், இந்த மூணு மாசத்துல இந்த ஊர்ல பாக்ஸ்டன் சேல்ஸ் மூணு மடங்கு ஆயிருக்கு. உங்க விளம்பரத்துக்கு அப்புறம்தான். இது எப்படி?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஃபார்ட்டின்னா ஃபார்ட்டி. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருக்கேன்," என்றார் மேடம்.

பகல் முழுக்க ஒரு ஆள் வரவில்லை. வந்த ஒருவரும் சில்லறை கேட்டு வந்தவர். ஐந்தே காலுக்கு ரோஸ்மேரி டீச்சர் வந்தார். பாளையங்கோட்டையில் ரிட்டயர் ஆன பிறகு வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். வினாத்தாள் அடிக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஷோ கேஸில் இருந்த வெள்ளை லூமினாவைக் கையால் தடவிப் பார்த்தார். அதுதான் கடையில் இருந்த கடைசி வெள்ளை. அறைக்குள் முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். மேடமும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்.

சொல்ல வேண்டியதெல்லாம், "பேக் பண்ணட்டுமா டீச்சர்?" என்ற மூன்று வார்த்தை. சத்தியமாக அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வீட்டுல பிரிண்டர் இருக்கா டீச்சர்?" என்று வந்தது.

"இருக்கு. பழசு. என் மருமகன் குடுத்தது."

"இதோட அது சேராது. புதுசு வாங்கணும். வினாத்தாள் அடிக்க இவ்வளவு பெரிய சாமான் வேண்டாம் டீச்சர். எதிர்க் கடைல பாக்ஸ்டன் இருக்கு, பாதி வெல. ஒங்க பழைய பிரிண்டரும் அதோட ஓடும்."

முதலாளி அறையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என் வேலை போன சத்தம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சங்கரியின் முகம் வந்து போனது. 

டீச்சர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் பொய் சொல்கிற பிள்ளைகளைப் பார்த்த பார்வை.

"யாருக்கு எடுத்து வச்சிருக்கீங்க?"

"என்னது டீச்சர்?"

"இந்த வெள்ளைய. யாருக்கோ வேண்டப்பட்டவங்களுக்கு எடுத்து வச்சிருக்கீங்க. அதான் என்னய எதிர்க் கடைக்குத் தள்ளிவிடுதீங்க."

"ஐயோ, இல்ல டீச்சர்! நெசமாவே..."

"கடைக்காரர் தன் சாமான வேண்டாம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல. எத்தன சேலக் கடை ஏறி எறங்குனவ நான்! நல்ல சேலய உள்ள வச்சிக்கிட்டு, அது ஒங்களுக்கு எடுக்காதும்மாம்பான். எனக்கு இதுதான் வேணும்."

"பிரிண்டர் சேராது டீச்சர்," என்றேன், கெஞ்சாத குறையாக.

"பிரிண்டர் புதுசு வாங்கிக்கிடுதேன். பில்லப் போடுங்க. அடுத்தவங்களுக்கு வச்சிருந்தா அவங்ககிட்ட வித்துப் போச்சுன்னு சொல்லிருங்க."

நான் மூன்றாவது தரமும் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல டீச்சர் லூமினாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பில் போட்டேன். நாற்பது.

மூன்று மாதம் டீவியில் கத்தி ஒருவர் மனசையும் மாற்ற முடியவில்லை. இன்று நேருக்கு நேர் நின்று உண்மையைச் சொல்லியும் முடியவில்லை. இதை எந்தப் பக்கத்தில் குறிப்பது என்று தெரியாமல் பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

டீலர்ஷிப் தப்பித்தது. முதலாளி லட்டு வாங்கி வந்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இப்பம் சொல்லும். எத்தன பேர எதிர்ப் பக்கம் அனுப்புனீரு?"

இந்த நோட்டில்கூட நான் எழுதாததை அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்பது பேர். ரோட்டைக் கடக்க உதவியதாக எழுதியதெல்லாம் அதுதான்.

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நின்றேன். அவரோ மேஜையைத் தட்டிச் சிரித்தார். "போகட்டும். எனக்கு இப்பம்தான் சூட்சுமம் புரிஞ்சிருக்கு. முந்தின விளம்பரத்துல பையன்தான் தப்பு. இந்தத் தடவ மரியாதையான ஆளா லூமினாவுக்குப் போடுவோம். பாக்ஸ்டன் மறுபடியும் நீருதான். இன்னும் கொஞ்சம் கோட்டித்தனமா, கால் தடுக்கி விழுத மாதிரி..."

"நான் நடிக்கல மொதலாளி."

என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

"ஏன் வே?"

"மேனேஜரா இருக்கேன் மொதலாளி. கம்ப்யூட்டரா இருக்க மாட்டேன்."

லட்டு டப்பாவை மூடி வைத்தார். பிறகு, "என்ன பெரிய இது? நாப்பது செகண்டு. நாலு பேர் சிரிச்சா என்ன கொறஞ்சிரும்? நீரு இல்லன்னா நானே நடிச்சுட்டுப் போறேன்," என்றார்.

"நடிங்க மொதலாளி," என்றேன்.

ராத்திரி உலகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண வீட்டில் பசியோடுதான் எழுந்தேன் என்பதையும் சொன்னேன். "எனக்குத் தெரியாதாக்கும்? அன்னைக்கி நானும்தான் சாப்பிடல," என்றாள். இருவரும் உப்புமா சாப்பிட்டோம்.

செப்டம்பர் 16, திங்கள்

புதிய விளம்பரம் வந்தது. முதலாளி பாக்ஸ்டனாக நடித்திருக்கிறார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் போகிறது. கால் தடுக்கி விழுகிறார். சத்தியமாகச் சொல்கிறேன், என்னைவிட நன்றாக நடித்திருக்கிறார். சங்கரி சிரித்தாள். உலகு சிரிக்கவில்லை. "அவரு பொண்டாட்டி இதப் பாத்திருப்பாளா?" என்றாள்.

செப்டம்பர் 18, புதன்

இரண்டு நாளாக முதலாளி கடைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. எதிர்க் கடையில் வழக்கம் போலக் கூட்டம்.

செப்டம்பர் 19, வியாழன்

காலையில் அவர் வீட்டுக்கே போனேன். கேட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று தடுக்கி விழுந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விரட்டிவிட்டு உள்ளே போனேன். ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்தது. முதலாளி கைலியோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தாடி.

"வார ஞாயித்துக்கெழமை என் மச்சினன் வீட்டுல ஞானஸ்நானம். நான் போகல்ல," என்றார். "போனா விழச் சொல்லுவானுவ. மகன் என்கூட பைக்குல வர மாட்டேங்கான். ஆட்டோவுல போறேங்கான்."

 சொல்வதற்கு மூன்று மாதமாக எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. நேற்று வரை அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றும் தெரியவில்லை.

முதலாளி கேட்டார். "நீரு மூணு மாசம் தெனமும் எப்பிடி வே கடைக்கு வந்தீரு?"

"மொத வாரந்தான் மொதலாளி கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிரும்," என்றேன்.

பழகாது. அது பொய் என்று அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் எழுந்து போய் முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, "நீரு முன்னால நடயும், நான் பின்னால வாரேன்," என்றார்.

"சேர்ந்தே போவோம் மொதலாளி," என்றேன். தெருமுனை வரை இருவரும் நடந்தோம். அங்கே ஒருவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு பேரில் யாரைப் பார்த்துச் சிரித்தான் என்று தெரியவில்லை, அதனால் அவ்வளவாக வலிக்கவில்லை.